பின்பக்கத்தில் ஒரு கண்ணி

உங்க வீட்டில் பாதியில் நிற்கிற வேலை எத்தனை இருக்கு?

எண்ண வேண்டாம். எண்ண உட்கார்ந்தால் இன்னொரு வேலை பாதியில் நிற்கும். என் மகள் தொட்டிலில் கிடந்தபோது அவளுக்கென்று ஒரு கம்பளித் தொப்பி ஆரம்பித்தேன். இப்போது அவள் அதே தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடுகிறாள். தொப்பி இன்னும் காதுக்கு இறங்கவில்லை.

அது போகட்டும். நான் சொல்ல வந்தது சௌந்தரத்தின் கதை.

*

மலைமேல் ஓர் ஊர். மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஊருக்கு மேலே ஒரு மடம். மடத்துக்கும் மேலே தேயிலைத் தோட்டம்.

மடத்தில் ஒரே ஓர் அம்மா இருந்தார். மடத்தம்மா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வயதில் சின்னவர். சௌந்தரத்துக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் மனசில் ஏதாவது அடைத்துக்கொண்டால் ஊர் அவரிடம்தான் ஏறிப்போகும்.

மார்கழி பிறந்ததும் சௌந்தரம் ஏறிப்போனாள். மடத்தம்மா பந்தலடியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, மனசை ஒரே இடத்துல நிறுத்தறதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“எதுக்குங்க, சௌந்தரக்கா?”

“தைப்பூசம் வந்துட்டே இருக்குதுங்களே.”

மடத்தம்மாவுக்குப் புரிந்தது. வருஷா வருஷம் தைப்பூசத்தன்று தோட்டத்துப் பிள்ளைகளும் வயசானவர்களும் மடத்துக்கு இறங்கி வருவார்கள். மடத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, ஆளுக்கொரு கம்பளி கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஸ்வெட்டர், தொப்பி, காலுறை, ஒட்டுத்துணிப் போர்வை. மொத்தம் நாற்பது. அதற்கப்புறம் வரும் பனியை அந்தப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் ஓட்டுவார்கள்.

நாற்பதையும் செய்துவந்தது ரெண்டே பேர். சௌந்தரமும் அவள் ஓரகத்தி பூரணியும். அண்ணனைக் கட்டியவள் பூரணி, தம்பியைக் கட்டியவள் சௌந்தரம். அண்ணனும் போயாச்சு, தம்பியும் போயாச்சு. நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.

இந்த வருஷம் நாற்பதையும் தனியாளாக முடிப்பேன் என்று சௌந்தரம் சாமி முன்னால் சொல்லியிருந்தாள். ஊரும் பக்கத்தில் நின்று கேட்டிருந்தது.

“எத்தனை ஆச்சு?”

“எல்லாமே ஆரம்பிச்சாச்சுங்க.”

“நான் அதைக் கேக்கலியே.”

சௌந்தரம் அவரைக்காயைப் பார்த்தாள்.

“ஒண்ணும் முடியலைங்க.”

“ஒண்ணுகூடவா?”

“சிவப்பை எடுத்தா பச்சை கூப்பிடுது. பச்சையை எடுத்தா போர்வை கூப்பிடுது. மனசு குரங்காட்டம் தாவுது. ஏதாச்சும் ஒரு மந்திரம் சொல்லிக் குடுத்தீங்கன்னா…”

“மந்திரம் இருக்கட்டும். குரங்கு எந்தெந்தக் கிளையில உக்காந்துச்சுன்னு முதல்ல பாக்கலாம். எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க.”

*

அன்று சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை. சௌந்தரம் ஒருத்திக்கு வேண்டிய சோற்றை வடித்தாள், ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பிறகு நாற்காலியைத் தலைகீழாகப் போட்டு, அதன் கால்களில் நூலை மாட்டினாள்.

“ஆடாம இரு,” என்று நாற்காலியிடம் சொன்னாள்.

அன்றைக்கு அவள் வாயிலிருந்து வீட்டுக்குள் வந்த பேச்சு அது ஒன்றுதான்.

*

மறுநாள் பெரிய மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மடத்துக் கூடம் முழுக்கப் பரப்பினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சந்தையில் கடை விரித்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

மடத்தம்மா ஒரு சிவப்பு ஸ்வெட்டரை எடுத்தார்.

“இது ஏன் இங்க நின்னுச்சு?”

“உருண்டை தீந்துபோச்சுங்க.”

“சிவப்பு நூல் வேற இல்லையா?”

“வீட்ல கிடக்குது, சிட்டம் சிட்டமா. கடையில வளையமாத்தானே குடுக்கறாங்க. அதை உருண்டையாச் சுத்தினாத்தான் பின்ன முடியும்.”

“சுத்தறதுதானே?”

“ஒருத்தர் ரெண்டு கையிலயும் மாட்டிப் பிடிக்கணும், ஒருத்தர் சுத்தணும். நான் நாற்காலியைக் கவுத்து அதுல மாட்டறேன். அது என்ன ஆளா? இழுத்தா சாயுது. விட்டா சிக்காகுது. சிக்கெடுத்தே பொழுது போயிடுது. அதான் பச்சை உருண்டை கைக்கு வந்துச்சு, தொப்பி ஆரம்பிச்சேன்.”

“தொப்பி ஏன் நின்னுச்சு?”

“அந்த உருண்டையும் தீந்துபோச்சுங்க.”

மடத்தம்மா பச்சையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்தார். உடம்பு முழுசாக இருந்தது. கைகள் இல்லை. நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதுக்கு உருண்டை மிச்சம் இருக்குதே?”

“தோள் அளவு பாத்துட்டுத்தான் கை ஆரம்பிக்கணும். யார் முதுகுல வெச்சுப் பாக்கறது? தலையணை மேல வெச்சுப் பாத்தேன்.” சௌந்தரம் சிரித்தாள். “தலையணைக்கு ஏதுங்க தோளு?”

மடத்தம்மா சிரிக்கவில்லை. போர்வையைத் தொட்டார். மேலே ஒட்டுத்துணி அழகாக இணைந்திருந்தது. பஞ்சும் அடித்துணியும் தனியாகச் சுருட்டிக் கிடந்தன.

“இது?”

“மூணையும் ஒண்ணுமேல ஒண்ணா, சுருக்கம் இல்லாம விரிச்சு, ஓட்டுத்தையல் போடணுங்க. நான் இந்த முனையை இழுத்தா அந்த முனை கூடவே வருது. அந்தப் பக்கம் ஓடிப்போய் இழுத்தா இந்தப் பக்கம் வருது. போங்கடான்னு சுருட்டி வெச்சுட்டேன்.”

மடத்தம்மா திரும்பவும் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துத் தடவினார். பின்பக்கத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவர் விரல் உள்ளே போனது.

“இது என்ன?”

“பின்னல்ல ஒரு கண்ணி விட்டுப்போச்சுங்க. ரொம்பத் தூரம் பின்னினதுக்கு அப்புறம்தான் பாத்தேன். பின்பக்கம்தானே, யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிஞ்சுதே.”

“நீங்க விரலை விட்டீங்க!”

“காத்து விடாதா?”

சௌந்தரத்தின் முகம் மாறியது. அந்த ஸ்வெட்டரைப் பிடுங்காத குறையாக வாங்கி மடித்தாள்.

“பூரணியக்கா மாதிரியே பேசறீங்க.”

“அவங்க என்ன பேசினாங்க?”

“பேசினாப் பரவாயில்லீங்களே! போன வருஷம், கழுத்துவரைக்கும் ஏறின ஸ்வெட்டர். என்னுது. கீழ ஒரே ஒரு கண்ணி விட்டிருந்துச்சு. நான் குழாய்க்குப் போயிட்டுக் குடத்தோட வர்றேன், அவங்க மடியில வெறும் நூலு கிடக்குது. மொத்தத்தையும் பிரிச்சுட்டாங்க. ஒரு வார்த்தை கேக்கலை. ‘நீங்க என்ன எனக்கு மாமியாரா’ன்னு கேட்டேன். ‘ஓட்டை ஸ்வெட்டருக்கு மாமியார் வேற வேணுமா’ன்னாங்க. அன்னிக்கு நின்னதுதான் பேச்சு.”

“ஒரே சுவர்தானே உங்களுக்கு?”

“ஒரே சுவர்தான். அவங்க இருமறது எனக்குக் கேக்கும். நான் ரேடியோவைச் சத்தமா வெச்சுக்குவேன்.”

“அப்புறம்?”

“அவங்களும் சத்தமா வெப்பாங்க.”

“ரெண்டுலயும் வேற வேற பாட்டா?”

சௌந்தரம் மடித்த ஸ்வெட்டரை இன்னொரு தடவை மடித்தாள்.

“மலைக்கு ஒரே ஸ்டேஷன்தாங்க எடுக்கும்,” என்றாள்.

மடத்தம்மா எழுந்தார்.

“நாளைக்கு ஒரு சிட்டம் கொண்டு வாங்க. சிவப்பு. நான் பிடிக்கறேன்.”

*

சௌந்தரத்துக்குக் காலெல்லாம் இறக்கை. சிட்டத்தையும் அந்தச் சிவப்பு ஸ்வெட்டரையும் பையில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக மடத்தில் நின்றாள். மடத்தம்மா கையைக் கழுவி, புடவையில் துடைத்து, நீட்டினார். சௌந்தரம் சிவப்பு நூல் வளையத்தை அந்த ரெண்டு கையிலும் மாட்டினாள். நுனியைக் கண்டுபிடித்தாள். சுற்றத் தொடங்கினாள்.

முதலில் நன்றாகத்தான் போனது.

பிறகு மடத்தம்மாவின் கை தாழ்ந்தது.

“கொஞ்சம் மேல தூக்குங்கம்மா.”

தூக்கினார். ஒரு கையை மட்டும்.

“ரெண்டையும், ரெண்டையும்!”

ரெண்டையும் தூக்கினார். ஆனால் கைகள் நெருங்கிவிட்டன. வளையம் தளர்ந்து நாலைந்து சுற்று சரிந்து விழுந்தது. பிடிக்கப்போய் இன்னும் விழுந்தது. ஒரு பட்டாம்பூச்சி போனது. மடத்தம்மா அதையும் திரும்பிப் பார்த்தார்.

“அய்யோ, அய்யோ! நாற்காலியே தேவலையே! இப்படியாம்மா பிடிக்கறது?”

“வேற எப்படிப் பிடிக்கணும்?”

“கையை விறைப்பா வெக்கக் கூடாதுங்க. நூல் எந்தப் பக்கம் கழலுதோ அந்தப் பக்கம் மணிக்கட்டைச் சாய்க்கணும். இப்படி, இப்படி. சுத்தறவ இழுக்கவே வேண்டாம், நூல் தானா வரும். அக்கா பிடிச்சாங்கன்னா நான் கண்ணை மூடிட்டுச் சுத்துவேன். சில நாள் அவங்க அப்படியே கண் அசந்துடுவாங்க. அப்பவும் கை மட்டும் சாஞ்சு சாஞ்சு…”

சௌந்தரத்தின் மணிக்கட்டு காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருந்தது.

நின்றது.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஆள் தெரியவில்லை, மேகத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல் ‘ஓய்’ என்றது.

மடத்தம்மா கையிலிருந்த நூலைக் கழற்றினார். அது இப்போது வளையமாக இல்லை. என்னவாகவும் இல்லை. அதைச் சௌந்தரத்தின் மடியில் வைத்தார்.

“இது இனிமே என்னால ஆகாதுங்க.”

“அம்மா, நான் மனசை நிறுத்த வழி கேட்டேன்.”

“ஆமா, கேட்டீங்க.”

மடத்தம்மா பந்தலடிக்குப் போய் அவரைக்காய் பறிக்க ஆரம்பித்துவிட்டார்.

*

சௌந்தரம் இறங்கி வந்தாள். தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். சாவியைக் கையில் எடுத்தாள்.

உள்ளே போகவில்லை.

பக்கத்துப் படி அவள் படிக்கு ஒட்டினாற்போலத்தான் இருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும். அந்த ஒரு எட்டை வைக்க அவளுக்கு மடத்திலிருந்து இறங்கிய நேரத்தைவிட அதிக நேரம் ஆனது.

தட்டினாள்.

உள்ளே ரேடியோ நின்றது. இருமல் கேட்டது. கதவு திறந்தது.

பூரணி இளைத்திருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால், கூடத்தின் நடுவில், ஒரு நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. அதன் கால்களில் நீல நூல் மாட்டியிருந்தது. பாதி சிக்கு.

சௌந்தரம் அதைப் பார்த்தாள். பூரணி அதைக் கவனித்து, கதவைக் கொஞ்சம் சாத்தினாள்.

“என்ன?” என்றாள்.

சௌந்தரம் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக் காட்டினாள்.

பூரணி குனிந்து பார்த்தாள். அவளால் அடக்க முடியவில்லை.

“இதென்ன, காக்கா கூடா?”

“மடத்தம்மா பிடிச்சாங்க.”

“ஏன்டி, அவங்ககிட்டயா குடுத்தே? அவங்களுக்கு ஞானம் இருக்குது. மணிக்கட்டு இல்லை.”

ரெண்டு பேருக்கும் உதடு துடித்தது. ரெண்டு பேரும் சிரிக்கவில்லை. ஒரு வருஷத்துச் சிரிப்பு அவ்வளவு சுலபமாகக் கிளம்பிவிடுமா?

மேகம் படியேறி வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

பூரணி கையை முந்தானையில் துடைத்தாள். ரெண்டு கையையும் முன்னால் நீட்டினாள். ஒரே உயரத்தில், தோள் அகலத்துக்கு, விறைப்பில்லாமல்.

“ம்,” என்றாள். “மாட்டு.”

சௌந்தரம் நூலை மாட்டவில்லை. அதைத் திரும்பவும் பைக்குள் போட்டாள். அடியில் மடித்து வைத்திருந்த சிவப்பு ஸ்வெட்டரை எடுத்தாள். உதறிப் பின்பக்கமாகத் திருப்பினாள். அந்த ஓட்டை இருக்கும் இடத்தைத் தானே விரலால் காட்டி, நீட்டிய கைகளின் மேல் வைத்தாள்.

“முதல்ல இதைப் பிரிச்சுக் குடுங்கக்கா.”