கண்டக்டருக்கு ஒரு சால்வை காலர்

சரி, கண்ணை மூடிக்கோ. பெரீம்மா சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். நீ நிறுத்தினா வண்டியும் நின்னுடும். ஆமா, பஸ் கதைதான்.

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தான். பேரு சவுந்திரபாண்டி. ராமநாதபுரத்து வெயில்ல காஞ்சு வளர்ந்த உடம்பு. அவன் பொண்டாட்டி இன்பவல்லிக்கு பனிக்கரைன்னு ஒரு மலையூர்ல டீச்சர் வேலை. கல்யாணம் ஆகியும் அவ மேல, இவன் கீழ. அப்புறம் யார் யாரையோ கெஞ்சி, மலையில ஓடுற காலை வண்டிக்கு மாத்தல் வாங்கிட்டு வந்து சேர்ந்தான். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு தம்ளர் காப்பி குடிக்கிறதே அவங்களுக்குத் திருவிழா. ம் சொல்லு.

"ம்."

அந்த வண்டியை ஓட்டுறவர் லத்தீப் பாய். பின்னால திரும்பியே பாக்க மாட்டார். பீப்னா நிறுத்துவார், பீப் பீப்னா கிளப்புவார். நம்ம பாண்டிக்கு எந்நேரமும் விசிலைப் பல்லுல கடிச்சுக்கிட்டே இருக்கிற பழக்கம். நீ விரல் சூப்புவியே, அது மாதிரி. சரி சரி, இப்ப சூப்புறதில்ல, ஒத்துக்கிறேன்.

அப்புறம் மார்கழி வந்துச்சு. பாண்டி வெடவெடன்னு நடுங்கினான். ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி மாட்டினான். கதகதன்னு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கழுத்துல நறுக்கு நறுக்குனு குத்துது, மூக்குல குறுகுறுங்குது. மாதம்மான்னு ஒரு கேரட்டுக்காரம்மா, மூட்டையை வண்டியில ஏத்திட்டு, தான் ஏறலாம்னு சேலையைத் தூக்கிச் செருகினா. அப்போ பாத்து, ஹச்... பீப். ஹச்... பீப். ரெண்டு ஆச்சா, லத்தீப் பாய் கிளப்பிட்டார். மூட்டை வண்டியில, மாதம்மா ரோட்டுல.

"ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் போயிடும். மாதம்மா நேரா டிப்போவுக்குப் போய் மேனேஜர் தங்கையாவை ஒரு பிடி பிடிச்சா. அவர் பாண்டியைக் கூப்பிட்டு, "அது விசிலா, விளையாட்டுச் சாமானா?"ன்னார்.

அப்புறம் பாண்டி கம்பளியைக் கழட்டிப் போட்டுட்டு, பளபளன்னு ஒரு ஜிப் வெச்ச ஜாக்கெட் வாங்கினான். நடந்தா சரக் சரக். உள்ள வேர்வை கசகசன்னு. அதுகூடப் போகுதுன்னு விடலாம். விசிலைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு ஜிப்பை சர்ருன்னு மேல இழுத்தான் பாரு, விசில் கயிறு அதுல மாட்டிக்கிச்சு. விசில் உள்ள, வாய் வெளிய. பள்ளிக்கூட ஸ்டாப்பிங் வருது, இவன் கயித்தை இழுக்கிறான், இழுக்கிறான், வரவே இல்ல. "பாய், நிறுத்துங்க"ன்னு கத்தினான். பாய்க்கு விசில்தான் கணக்கு, கத்துறதெல்லாம் கணக்கே இல்ல. பிள்ளைங்க அத்தனையும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி டீத்தோட்டத்துல போய் இறங்குச்சுங்க. ஒரே கொண்டாட்டம்.

"நானும் அந்த பஸ்லதான் போவேன்."

போவ, போவ. மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னொரு தடவை தப்பு நடந்தா நீ கீழ டிப்போவுக்குத்தான். திங்கக்கிழமை நானே வண்டியில வந்து உக்காந்து பாப்பேன்"னுட்டார். பாண்டிக்கு அழுகையே வந்துடுச்சு. மறுபடியும் அவ மேல, இவன் கீழயா?

அப்போ இன்பவல்லி சொன்னா, "நீங்க குளிரை மட்டும் பாத்து வாங்கினீங்க, விசிலை நெனைக்கல. வாங்க என்கூட"ன்னு. கடைக்குப் போனாங்க. "பருத்தி நூல்ல பின்னினது காட்டுங்க. குத்தக் கூடாது, ஜிப் கூடாது"ன்னா. கடைக்காரர் வட்டக் கழுத்துல ஒண்ணு காட்டினார். பாண்டி மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால போய் நின்னான். இவ, "கண்ணாடி எதுக்கு, விசிலை வாயில வைங்க"ன்னுட்டு, கடைக்கதவை விரியத் திறந்து விட்டா. குளிர் ஜில்லுன்னு தொண்டையில இறங்குச்சு. லொக்... பீப். வெளிய போன ஆட்டோ நின்னுடுச்சு.

அப்புறம் கடைக்காரர் மேல் தட்டுலேர்ந்து இன்னொண்ணு இறக்கினார். அதுவும் பருத்திதான், நல்ல தடிமன். முன்னால பட்டன். பிடரியிலேர்ந்து நெஞ்சு வரைக்கும் மடிஞ்சு இறங்குற அகலமான காலர். "இதுக்கு சால்வை காலர்னு பேருங்க"ன்னார்.

சால்வைன்னதும் பாண்டி நாலடி பின்னால போயிட்டான். "வேண்டாம் வல்லி. எங்க டிப்போல மாத்தலாகிப் போறவங்களுக்குத்தான் சால்வை போடுவாங்க. நானே போட்டுக்கிட்டுப் போய் நிக்கவா?"

இன்பவல்லி சிரிக்கல. அவளுக்கும் பயம்தான். காலரைத் தடவித் தடவிப் பாத்தா. அப்புறம் சொன்னா, "ஊர்க்காரங்க போர்த்துறதுதான் போயிட்டு வான்னு சொல்ற சால்வை. இது சட்டையோட சேர்த்துப் பின்னினது. இங்கயே இருன்னு சொல்ற சால்வை. போடுங்க."

போட்டான். கதவு திறந்தே கிடந்துச்சு. தும்மல் வரல, இருமல் வரல. விசில் சத்தமே காணோம். ம்?

"...ம்."

திங்கக்கிழமை ஆச்சு. மேனேஜர் முன் சீட்டுல வந்து உக்காந்தார். மடியில ஒரு பை. பைக்குள்ளேர்ந்து ஒரு ஜரிகைச் சால்வை எட்டிப் பாக்குது. வழியனுப்பத் தயாரா வாங்கிட்டே வந்துட்டார் மனுஷன். பனி குபுகுபுன்னு ஜன்னல் வழியா வருது. பாண்டி காலரைத் தூக்கிக் கழுத்தை மூடிக்கிட்டான். மாதம்மா மூட்டையை ஏத்தினா, இவனை ஒரு முறை முறைச்சா, ஏறினா, உக்காந்தா. அப்புறந்தான், பீப் பீப். பள்ளிக்கூடம் வந்துச்சு. பீப். பிள்ளைங்க இறங்குச்சு, இன்பவல்லியும் இறங்கினா. பீப் பீப்.

வண்டி மேல ஏற ஏற மேனேஜராலதான் தாங்க முடியல. ஹீட்டர் முன்னாலயே உக்காந்து பழகினவர் ஆச்சே. பல்லு கடகடங்குது. பாண்டியைப் பாத்தார், பையைப் பாத்தார். சால்வையை எடுத்தார், உதறினார், தானே இழுத்துப் போர்த்திக்கிட்டார்.

மாதம்மா மெதுவாக் கேட்டா, "ஏங்கய்யா, உங்களுக்கா மாத்தல்?"

பஸ்ஸே குலுங்கிச் சிரிச்சுது. லத்தீப் பாய்கூட அன்னிக்குத்தான் திரும்பிப் பாத்தாராம்.

"பெரீம்மா... பாண்டி மாமா கீழ போயிட்டாரா?"

போகலடா. அந்த வீட்டுல நாளைக்கும் ரெண்டு தம்ளர் காப்பிதான்.

என்ன, ம் காணோம்? சரி... பீப். ஸ்டாப்பிங் வந்தாச்சு, கதை இறங்கிப் போயிடுச்சு. நீ தூங்கு.