பாவாத்தாள் வீட்டு முகப்பு

கரூரில் மங்கையர்க்கரசி என்று ஒருவர் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து வந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த மருதாசலத்துக்கோ ஐம்பத்தைந்து. இளவயதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாலங்களாகவே வரைந்தவர். ஓய்வு பெறும் வயது வருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டு, இனி மனிதர்கள் குடியிருக்கிற ஒன்றை வரைய வேண்டும் என்று வந்து சேர்ந்தார்.

"பாலம் வரைஞ்ச கைக்கு வீடு லேசில வராதுங்க சார்," என்றார் மங்கை.

"வர வெச்சுடறேங்க மேடம்," என்றார் மருதாசலம்.

சொன்னால் விடமாட்டார். ராத்திரி தூங்கும்போதும் மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டிருக்கிற ஆள்.

ஒரு நாள் பாவாத்தாள் என்ற அம்மாள் வந்தார். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் சீட்டுக்கு உறை தைக்கிறவர். ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு மனை வாங்கியிருந்தார். வீட்டின் உள் அமைப்பெல்லாம் அவருக்குச் சம்மதம்தான். முகப்புதான் மனசுக்குப் பிடிக்கவில்லை.

"முன்னாடி இன்னும் நல்லா வேணுமுங்க," என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு தடித்த தூண்கள். தூண் தலையில் தாமரை. நடுவில் வளைவு, அதற்குக் கீழே பெரிய இரட்டைக் கதவு.

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இதை நீங்க பாருங்க சார்," என்று மங்கை அந்த வேலையை அவரிடமே கொடுத்துவிட்டார்.

மருதாசலம் பல நாள் உட்கார்ந்து வரைந்தார். தூணை எடுத்தார், தாமரையை எடுத்தார், வளைவையும் எடுத்தார். வெள்ளைச் சுவர், உயரத்தில் நீளமாக ஒரு ஜன்னல், ஓரத்தில் செங்கல் பட்டை. கதவு குறுக்கே நின்று அழகைக் கெடுத்ததால் அதையும் பக்கவாட்டுச் சந்துக்குள் தள்ளினார். முன்பக்கம் கழுவித் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனை சின்ன மனையில் இதற்கு மேல் ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

பாவாத்தாள் வந்து பார்த்தார். தாளை ஒருமுறை திருப்பிக்கூடப் பார்த்தார்.

"வாசல் எங்கீங்க?"

"பக்கத்துல வருதுங்கம்மா. சந்து வழியா உள்ள போயிக்கலாம். முன்னாடி சுத்தமா இருக்கும்."

அவர் தாளை மேஜைமேல் வைத்து மெதுவாக இந்தப் பக்கம் நகர்த்தினார். "வர்றனுங்க," என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுக்கவில்லை.

"அந்தம்மாவுக்குப் பார்வை அவ்வளவுதாங்க மேடம். நாம என்ன பண்ண முடியும்?" என்றார் மருதாசலம்.

மங்கை வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாளையிலிருந்து முன்பக்கமா வராதீங்க. பின்னாடி சந்து இருக்குதில்லைங்களா, அந்த வழியா வாங்க."

"எதுக்குங்க?"

"வாங்க சார்."

மங்கையின் அலுவலகம் அவர் வீட்டிலேயே இருந்தது. பின்சந்து அடுப்படியில் போய் முடியும். மறுநாள் மருதாசலம் அந்த வழியாக வந்தார். சாக்கடையைத் தாண்டி, காயப்போட்ட துணிக்குக் குனிந்து, அடுப்படிக் கதவைத் தட்டிவிட்டு நின்றார். பக்கத்து வீட்டுப் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "சிலிண்டருங்களா? எங்க வீட்டுக்குங்களா?" என்று கேட்டாள். அவர் தலையசைத்து மறுத்தார். கதவு திறக்க நேரமாயிற்று.

விட்டுப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கற்றுக்கொள்வதென்று வந்தாயிற்று. அடுத்த நாளும் அதே வழியில் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். சந்துக்குள் நுழையும்போதே தன்னையறியாமல் செருமிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார். உள்ளே யாரும் சங்கடப்படக் கூடாதே என்று.

ஒரு நாள் புதிதாக வீடு கட்டப்போகிறவர் ஒருவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அடுப்படிப் பக்கமிருந்து வந்த மருதாசலத்தை நிமிர்ந்து பார்த்தார். குடித்து முடித்த காபி டம்ளரை அவரிடம் நீட்டினார். பேச்சை நிறுத்தவில்லை.

மருதாசலம் அதை வாங்கிக்கொண்டார். உள்ளே கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

அன்று மாலையே பாவாத்தாள் குடியிருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு போனார்.

அது ஒரு பெரிய வீட்டின் பின்பக்கப் போர்ஷன். முன்னால் கிரில் கேட், கிரானைட் படி. அதற்குப் பக்கத்தில், தோள் இரண்டும் சுவரில் உரசுகிற அகலத்தில் ஒரு சந்து. முன்வீட்டுக்காரர்களின் குளியலறை ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். மருதாசலம் செருமிக்கொண்டே போனார்.

"ஐயோ, சாருங்களா! இதுக்குள்ளயா வந்தீங்க!" என்று பாவாத்தாள் பதறி எழுந்தார். ஒரே நாற்காலி. அதில் கிடந்த துணியை அள்ளினார்.

"எத்தனை வருசமா இங்க இருக்கறீங்கம்மா?"

"கல்யாணமாகி வந்ததிலிருந்தே இப்படித்தானுங்க. வீடு மாறும், சந்து மாறாது. முன்பக்கமா வரக் கூடாதுன்னு சொல்லித்தானுங்க குடி வைப்பாங்க."

மருதாசலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பட்டறையில இருந்து யாராச்சும் வந்தா ரோட்டுல நின்னு போன் பண்ணுவாங்க. நான் சந்துல இருந்து தலையை நீட்டி, இப்படி வாங்க, இப்படி வாங்கன்னு கையைக் காட்டுவேன். பழகிப்போச்சுங்க." அவர் துணியை மடித்தார். "எங்க வீட்டுக்காரரு போனப்பத்தான் ரொம்ப ஒரு மாதிரியாப் போச்சு. முன்னாடி கொண்டாந்து வெக்கறோம்னு கேட்டோம். ஓனரம்மா வேண்டாம்னுட்டாங்க. சந்துல ரெண்டு பக்கமும் ஆள் நின்னு தூக்க முடியலைங்க. போர்வையில சுத்தி, முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் புடிச்சுத் தூக்கியாந்தாங்க. ரோட்டுக்கு வந்தப்புறந்தான் அவருக்கு ஒரு மாலை போட முடிஞ்சுது."

குளியலறை ஜன்னலில் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"என் வாசல்ல நின்னு, வாங்கன்னு நான் ஒருத்தரைக் கூப்புடோணுமுங்க. அவ்வளவுதான். அந்தப் படத்துல அந்தக் கதவு அப்படி இருந்துச்சு. அதான் காட்டினேன்."

மருதாசலம் இரண்டு கைகளையும் முட்டிமேல் ஊன்றிக்கொண்டு எழுந்தார். "இன்னொரு தடவை வரைஞ்சு கொண்டாறேங்கம்மா. பிடிக்கலைன்னா அதுக்கப்புறமும் வரைவேன்."

வரைந்தார். கிழித்தார். மறுபடி வரைந்தார். படி சின்னதாக இருந்தது, கிழித்தார். கதவு உள்ளடங்கி இருட்டில் நின்றது, கிழித்தார். மனையின் முகம் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயிலில் வந்து நிற்கிறவருக்குக் கண் கூசும். கூரையை வெளியே நன்றாக இழுத்தார். அதற்கு இடம் போதவில்லை. பாவாத்தாளிடம் போய்க் கேட்டு, ஹாலில் கொஞ்சம் குறைத்து முன்னால் கொடுத்தார்.

கடைசியில் தூண், தாமரை, வளைவு, இரட்டைக் கதவு எல்லாம் திரும்பி வந்திருந்த படத்தை அவர் எடுத்துப் போனபோது பாவாத்தாள் அந்த இரட்டைக் கதவின் மேல் விரலை வைத்தார்.

"இங்க நின்னு கூப்பிட்டா ரோட்டுக்குக் கேக்குமுங்களா?"

"நல்லாக் கேக்கும்."

"அப்ப அந்த வளைவு வேண்டாமுங்க. கதவை மறைக்குது. தாமரை இருக்கட்டும்."

படத்தை மருதாசலம் மங்கையின் மேஜையில் விரித்தார். மங்கை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனூண்டு வீட்டுக்குப் படி இவ்வளவு அகலமுங்களா?"

"ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தா ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணுமுங்க."

மங்கை பேனாவை எடுத்தார்.

"ஒரு சந்தேகம் மட்டும் போகலைங்க மேடம்," என்றார் மருதாசலம். "நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். கூரை சுவத்துலயே நிக்குது. இந்தத் தூண் ரெண்டும் எந்தப் பாரத்தையும் தாங்கலைங்க."

மங்கை கையெழுத்துப் போட்டார்.

"நீங்க கணக்குல எடுத்த பாரத்தைத்தான் தாங்கலைங்க சார்," என்றார்.