யானை சொல்லாத நிறை

ஓர் ஆற்றுத் தீவில் நரி ஒன்று பள்ளி நடத்தி வந்தது. காட்டை ஆராய வந்தவர்கள் மறந்துவிட்டுச் சென்ற மடிக்கணினி அதனிடம் இருந்தது. இயற்பியல் கணக்கு எதுவாயினும் எண்களைக் கொடுத்தால் போதும், அதிலிருந்த மென்பொருள் விடையைத் தந்துவிடும்.

"சமன்பாட்டை நாமே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டாமா, ஐயா?" என்று யானை ஒருநாள் வகுப்பில் கேட்டது.

"மண்ணைக் கீறிக் கீறித் தும்பிக்கைதான் தேயும். விடை வந்தால் போதாதா?" என்றது நரி.

வகுப்பு சிரித்தது. யானை மட்டும் மூங்கில் புதருக்குப் பின்னால் மண்ணில் எழுதிப் பார்ப்பதை விடவில்லை.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. யானையையும் உருட்டிச் செல்லும் வேகம். தீவு மூழ்கத் தொடங்கியது. தப்புவதற்கு இருந்த ஒரே வழி பாசி படிந்த வழுக்குப்பாறை. அதில் சறுக்கி, விளிம்பிலிருந்து பாய்ந்தால் அக்கரை மணலில் விழலாம். தாழ்ந்த இடத்திலிருந்து சறுக்கினால் ஆற்றில் விழ நேரும். மிக உயரத்திலிருந்து சறுக்கினால் மணலைத் தாண்டிப் பாறையில் மோத நேரும். எங்கிருந்து சறுக்குவது?

நரி கணினியைத் திறந்தது. மென்பொருள் முதலில் நிறையைக் கேட்டது. உடனே ஆலங்கிளையில் தராசு கட்டப்பட்டது.

முயலைத் தராசில் நிறுத்து, எண்ணைத் தட்டியது நரி. விடையாக வந்த உயரம் பாறைமேல் நின்ற வாகை மரத்தடிக்குச் சரியாக இருந்தது. முயல் அங்கிருந்து சறுக்கி மணலில் இறங்கியது. அடுத்தது காட்டுப்பன்றி. அதற்கும் வாகை மரத்தடி. (பன்றியன்று, கரடி என்று சொல்வாரும் உண்டு, விடை மாறாது.) பிறகு யானைக்கன்று. மீண்டும் வாகை மரத்தடி. ஒவ்வொரு முறையும் நரி புதிதாகத் தட்டி, புதிதாக வியந்து, புதிதாக அறிவித்தது.

எஞ்சியவை யானையும் நரியும்.

"நிறை?" என்றது நரி.

"இதெல்லாம் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா?"

"யானையம்மா, தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது."

"உங்கள் முழங்காலுக்கு."

அக்கரையில் கன்று தாயைத் தேடிப் பிளிறியது. யானை வெட்கத்தை விட்டுத் தராசில் ஏறியது. கிளை முறிந்தது.

"அது முன்பே உளுத்துப் போயிருந்தது" என்றது யானை. "ஏதேனும் ஒரு எண்ணைப் போடுங்களேன்."

"குத்துமதிப்பாகவா? ஒரு கிலோ தவறினாலும் நீ ஆற்றோடு போவாய். நிறை இல்லையேல் கணக்கே இல்லை" என்று நரி கணினியை மூடியது.

யானை தும்பிக்கையால் ஈர மண்ணில் எழுதத் தொடங்கியது. தெரியாத நிறைக்கு 'நி' என்று பெயரிட்டது. உயரத்தில் இருக்கும்போது உள்ள ஆற்றலை இடப்பக்கம் எழுதியது. அதில் 'நி' வந்தது. சறுக்கி முடிக்கும்போது அது வேகத்தின் ஆற்றலாக மாறுவதால், அதை வலப்பக்கம் எழுதியது. அதிலும் 'நி' வந்தது. இரண்டு 'நி'யையும் ஒரே இழுப்பில் அடித்தது.

"நிறையை அழித்துவிட்டாயே!" என்று பதறியது நரி.

"இரு பக்கமும் பெருக்கலில் நிற்கிறது, ஐயா. அது வேண்டியதே இல்லை. முயலுக்கும் எனக்கும் ஒரே உயரம்தான். மூன்று முறையும் வாகை மரத்தடி என்றே வந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா?"

"ஒவ்வொன்றும் தனிக் கணக்கு என்றல்லவா நினைத்தேன்."

"இதை முதலிலேயே போட்டிருந்தால் நான் தராசில் ஏறியிருக்க வேண்டாம்" என்று முணுமுணுத்தபடி யானை வாகை மரத்தடிக்குச் சென்று சறுக்கியது. அக்கரை மணல் அதிர்ந்தது. கன்று ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

"வாருங்கள் ஐயா, உங்களுக்கும் அதே இடம்தான்" என்று யானை அழைத்தது.

நரி கணினியை மார்போடு அணைத்து, கண்ணை மூடிச் சறுக்கியது. நடுவானில் அதன் அலறல் கேட்டது: "ஐயோ, கணினியின் நிறையைச் சேர்க்கவில்லையே!"

யானை விழுந்த குழியிலேயே நரியும் பத்திரமாக விழுந்தது.

வெள்ளம் வடிந்தபின் பள்ளி மீண்டும் கூடியது. மாணவர்கள் முதலில் எழுத்துகளை வைத்து மண்ணில் போட்டுப் பார்த்தார்கள். எஞ்சிய பெருக்கலைக் கணினியிடம் கொடுத்தார்கள். தராசு மட்டும் கட்டப்படவில்லை. அதில் யானைக்குப் பெருமகிழ்ச்சி.

கருவி விடையைத் தரும். அந்த விடைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தானே போட்டுப் பார்த்தவரே அறிவார்.