மேயரைத் திரும்பிப் பார்த்த நாய்

ஹாலந்து தேசத்தில் சினிமா பிறந்த புதிதில், ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிப் பிழைத்தவன் யெல்லே. போகிற ஊரின் ஜனங்களையே படம் பிடித்து, மறுநாள் அவர்களுக்கே காட்டுவான். சொந்த முகத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும்.

ஓர் ஊரில் மேயர் தன் ஊர்வலத்தைப் படம் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். திரையில் பார்த்தால், அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேயரைத் திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு நாய்.

மேயருக்கு முகம் சிவந்துவிட்டது. "மறுபடி எடு. ஊரே என்னைப் பார்க்கணும். இல்லேன்னா கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டுக் கிளம்பு."

யெல்லே கொஞ்சம் யோசித்தான். "அப்போ கேமராவோட கைப்பிடியைச் சுத்தி நீங்களே படம் பிடிங்க, ஐயா."

மேயர் சந்தைக்கு நடுவில் நின்று பெருமையாகக் கைப்பிடியைச் சுற்றினார். மறுநாள் திரையில் ஊரே அவரை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தது, தொப்பியைத் தூக்கியது.

"இதுல நான் எங்கேடா?" என்றார் மேயர்.

"கேமராவுக்குப் பின்னாடி, ஐயா. அதனாலதான் ஊரு உங்களைப் பார்க்குது. முன்னாடி வந்தீங்கன்னா பழையபடி அந்த நாய்தான்."

மேயர் இல்லாத படம் என்ற சேதி பரவியது. அடுத்த காட்சிக்கு வந்த கூட்டத்தைக் கூடாரம் கொள்ளவில்லை.