வெந்த கடலையின் சாட்சி

கடலை வேகாவிட்டால் விறகு ஈரம் என்று சொல்வது உலக வழக்கம். கற்றவர்கள் சொல்கிறார்கள், வைத்தியர்கள் சொல்கிறார்கள், விறகே வாங்கியறியாதவர்களும் சொல்கிறார்கள். இந்தக் கருத்தை மிகுந்த வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. விறகு குற்றமற்றது. குற்றம் தண்ணீரில் இருக்கிறது. இதை ஓர் அரசவையில் நிறுவியவள் சுண்டல் விற்ற ஒருத்தி. ஏடுகளில் அவள் பெயர் இல்லை. நாமாவது நன்றியோடு சொல்லிவைப்போம்: உமையாள்.

அப்போது கொன்றையூர் நாட்டை மாறவேள் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் அவர் நாக்கே நாட்டின் சட்டம். ஒருமுறை ஆற்றுநீர் புளிக்கிறது என்று ஆற்றின்மேல் வழக்குத் தொடுத்தார். ஆறு அவைக்கு வராததால் தீர்ப்பு அரசர் பக்கமே ஆயிற்று.

கீழைத் தெருவில் ஒரு பொதுக்கிணறு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதிலிருந்து ஒரு வெள்ளிச் செம்பில் தண்ணீர் அவைக்கு வரும். அரசர் ஒரு மிடறு பருகி, "இனிமை" என்பார். எழுத்தர் அதை ஓலையில் பொறிப்பார். அத்துடன் கிணற்றை நலம் விசாரித்தாயிற்று. செம்பைக் கொண்டுவருபவர் நீர்வாரியத் தலைவர் வல்லபராயர்.

அப்படியொரு வெள்ளிக்கிழமையில்தான் உமையாள் அவைக்கு வந்து நின்றாள்.

"அரசே, கீழைத் தெருக் கிணறு உவர்த்துவிட்டது. என் கடலை வேகவில்லை, அது கிடக்கட்டும். பதினொரு வீட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கிணற்றைத் தூர் எடுக்க உத்தரவிட வேண்டும்."

"ஆண்டு தவறாமல் எடுத்திருக்கிறோம்," என்றார் வல்லபராயர். "ஓலை இருக்கிறது."

"ஓலையில் எடுத்திருப்பீர்கள், ஐயா. கிணற்றில் இடுப்பளவு சேறு கிடக்கிறது."

அவையில் இரண்டு மூன்று பேர் இருமினார்கள். வல்லபராயர் முகம் சிவந்தது. "சமைக்கத் தெரியாதவளுக்குக் கிணறு கோணல். அரசரின் நாவையே இவள் சந்தேகிக்கிறாள்."

அது அரசருக்குச் சுருக்கென்று தைத்தது. "வாரந்தோறும் நானே குடிக்கிறேன், பெண்ணே. எனக்கு இனிப்பது உனக்கு மட்டும் கரிக்கிறதோ?"

"வருகிற வெள்ளியன்று இந்த அவையிலேயே கடலை வேகவைக்கட்டும், அரசே," என்றார் வல்லபராயர். "வேகாவிட்டால் தூர் எடுக்கிறேன். வெந்துவிட்டால், இவளும் இவள் தெருவும் இனிக் கிணற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது."

"சம்மதம்," என்றாள் உமையாள். "ஆனால் தண்ணீரை ஐயாதான் கொண்டுவர வேண்டும். அன்று காலையில் கீழைத் தெருக் கிணற்றில் இறைத்ததாக இருக்க வேண்டும்."

அரசருக்கே வியப்பு. "உன் எதிராளி கையிலா விடுகிறாய்?"

"அவர் கையால் வந்தால்தானே அரசருக்கு இனிக்கிறது."

மறு வெள்ளியன்று அவை நடுவே அடுப்பு மூட்டினார்கள். வல்லபராயர் குடத்தோடு வந்தார். "காலையில் கிணற்றடியில் நானே நின்று இறைக்கச் சொன்னேன்," என்று அரசர்முன் சத்தியமும் செய்தார். உமையாள் ஊறவைத்த கடலையைப் போட்டாள். கடலை பூப்போல வெந்தது. தேங்காய் துருவிப்போட்டு, கடுகு தாளித்து இலையில் வைத்தாள். அரசர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"தீர்ப்பு?" என்றார் வல்லபராயர்.

"கடலை வெந்தது உண்மை," என்றாள் உமையாள். "தண்ணீரும் அருமையான தண்ணீர். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று மட்டும் ஐயா இன்னொரு தரம் சொல்லட்டும்."

"கீழைத் தெருக் கிணறு. எத்தனை தரம் சொல்வது?"

"அரசே, ஓலை எடுத்த தூரை நாங்கள் நாற்பது பெண்கள் புதன்கிழமை முதல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். குடிக்க ஆற்றிலிருந்து சுமக்கிறோம். நேற்று மதியத்திலிருந்து அந்தக் கிணற்றில் ஒரு செம்பு தண்ணீர்கூடக் கிடையாது. இப்போதும் உள்ளே ஆறு பேர் நிற்கிறார்கள்."

ஊருக்கே தெரிந்த செய்தி அது. வாரியத்துக்கு மட்டும் தெரியவில்லை. கிணற்றடிக்குப் போகாததுதான் வல்லபராயர் செய்த தவறு. அதை அவர் மூன்று ஆண்டுகளாக விடாமல் செய்துவந்தார்.

அரசர் எழுந்து கீழைத் தெருவுக்கு நடந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "யாரது மேலே, வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு? சும்மா நிக்காம கூடையை இழு."

அரசர் இழுத்தார். ஏழு கூடை சேறு இழுத்தபின் கையைத் துடைத்துக்கொண்டு, "வல்லபரே, நான் குடித்தது எங்கே எடுத்தது?" என்றார்.

"என் தோட்டத்துக் கிணற்றில், அரசே. மூன்று ஆண்டுகளாக."

"மூன்று ஆண்டுகள் என்னை உபசரித்தீர். இங்கே ஊற்று திறக்கும்வரை இந்தத் தெருவையும் உபசரியும். தோட்டக் கதவு திறந்திருக்கட்டும். ஒவ்வொரு குடத்தையும் உம் கையாலேயே இறைத்து ஊற்றும்."

பிறகு பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார். "நான் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிணற்றை அறிந்ததாக நினைத்தேன், அம்மா. நீங்கள் குடம் குடமாகச் சுமந்தும் உங்களை ஒருநாளும் கேட்டதில்லை. என் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறீர்கள். என்ன வேண்டும், கேளுங்கள்."

உமையாள் சற்று யோசித்தாள். "வெள்ளிக்கிழமைச் செம்பை இனி நாங்கள் கொண்டுவருகிறோம். அரசர் சொல்வதை எழுதிய பிறகு, நாங்கள் சொல்வதையும் எழுத்தர் எழுதட்டும். வாரியத்தில் தண்ணீர் சுமக்கிறவர்கள் நால்வர் இருக்கட்டும். சுமக்கிறவர்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர்.

பத்தாம் நாள் ஊற்றுக்கண் திறந்தது. பிள்ளைகள் எழுந்து நடமாடினார்கள். முதல் தண்ணீரில் வெந்த சுண்டல் ஓர் இலையில் அரண்மனைக்குப் போனது. அரசர் நன்றி சொல்லி, இலையை மல்லிகைப் பூவோடு திருப்பி அனுப்பினார்.

வாரியத்துக்கான தேர்தல் கிணற்றடியிலேயே நடந்தது. முதல் மூவரும் கீழைத் தெருக்காரிகள். நான்காவதாகத் தேர்வானவள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து நாள்தோறும் குடம் சுமந்துவந்தவள்: வல்லபராயரின் மனைவி.