வராதவர்களுக்குப் போட்ட இலை

"இனிமே கதை சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேம்மா" என்றார் கலியமூர்த்தி.

சாமியம்மா அடுப்பிலிருந்து சாம்பார் அண்டாவை இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம் புடிங்க சார்."

கலியமூர்த்தி பிடித்தார். அண்டா இறங்கியது.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சாம்மா?"

"விழுந்துச்சு. கரண்டிய எங்கயோ வச்சேன், பாருங்க."

பண்ருட்டிக்கு வெளியே, முந்திரித் தோப்புகளைத் தாண்டினால் ஒரு சின்ன மடம். ஓட்டுக் கூடம், கிணறு, பின்னால் சமையல்கட்டு. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்பவர் சாமியம்மா. நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. கலியமூர்த்திக்கு அறுபது நெருங்குகிறது. ஆனால் அந்த அம்மா வாய்க்கு முன்னால் வயதைப் பார்த்தால் ஆகுமா? பெரிய பெரிய மனுஷனெல்லாம் அங்கே கைகட்டி நின்றிருக்கிறான். கலியமூர்த்தியும் சில வருஷங்களாக நிற்கிறார்.

அவருக்குக் கதை சொல்வதுதான் உயிர். எல்லாம் தானே கட்டிய கதைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஊரில் மளிகை வியாபாரிகள் சங்கத்து மாடியில் சொல்லுவார். அதற்காகவே பார்த்த வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வந்தவர். நல்ல கதைகள்தான், பொய் சொல்லக் கூடாது. கேட்கத்தான் ஆள் இல்லை.

முதல் தடவை மடத்துக்கு வந்தபோது அவர் கேட்டது இதைத்தான்.

"ஆள் வரணும்னா என்னம்மா செய்யணும்?"

சாமியம்மா அன்றைக்குப் புளி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆளையே எண்ணிக்கிட்டிருந்தா கதை எப்படி சார் வாயில வரும்? முதல்ல மனசச் சரி பண்ணுங்க."

சரி பண்ணினார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளா அவர்? விடியலில் குளித்தார். கண்ணை மூடி உட்கார்ந்தார். வந்தாலும் சரி, வராட்டாலும் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதையைச் செதுக்கினார், திரும்பச் செதுக்கினார். ஊரில் ஒரு துண்டு நோட்டீஸ் ஒட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை மாடியில என்னங்க விசேஷம்?" என்று டீக்கடையில் ஒருவர் வலியக் கேட்டார். அதற்கும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஆசையாகிவிடுமாம்!

ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. மனசு சுத்தமானது. மாடியும் சுத்தமாகக் காலியானது.

மறுபடி வந்து நின்றார்.

"ஊருக்குத் தெரியாம யாரு சார் வருவா?" என்றார் சாமியம்மா. "ஆண்டவன் கால் குடுத்திருக்கான்ல? நடங்க."

நடந்தார். நடந்தாரா, ஓடினார்! நோட்டீஸ் அடித்தார். ஆட்டோவில் மைக் கட்டிச் சந்து சந்தாகச் சுற்றினார். கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார். சாவு வீட்டில் மாலை போட வந்தவரிடம்கூட, "ஞாயித்துக்கிழமை மறந்துடாதீங்க" என்றார். மனுஷன் செய்கிற காரியமா அது? வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு தன் படத்தையும் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

அந்த ஞாயிறு மாடி நிறைந்தது. படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள்.

கலியமூர்த்தி மைக் முன்னால் வந்து நின்றார். தொண்டை கட்டியிருந்தது. வாரம் முழுக்க அலைந்ததில் கதையை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. பாதியில் வழி தப்பிவிட்டது. கிணற்றில் விழுந்தவன் அண்ணனா தம்பியா என்று அவருக்கே தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து போனது.

அதற்கப்புறம் இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

"மாவு விக்கப் போனா காத்தடிக்குது, உப்பு விக்கப் போனா மழை பெய்யுதும்மா" என்றார். "மனசுன்னீங்க, உக்காந்தேன். நடங்கன்னீங்க, நடந்தேன். ரெண்டும் வெளங்கல. எதுல எவ்வளவுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல? பாதிக்குப் பாதியா? மூணுக்கு ஒண்ணா? எப்படி?"

சாமியம்மா கரண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். அண்டாவைக் கிளறினார்.

"இப்ப எத்தனை பேர் வராங்க?"

"யாரும் வரதில்லை."

"ஒருத்தர்கூடவா?"

"வராங்க, ஒரு ஏழெட்டுப் பேர். அதெல்லாம் ஒரு கூட்டமாம்மா? முன் வரிசையில ஒரு வயசான அம்மா. மீசை நரைச்ச ஒருத்தர். தையல் கடைப் பொண்ணுங்க ரெண்டு பேர். இன்னும் யார் யாரோ. அதுல ஒருத்தர் ஃபேனுக்குக் கீழதான் உக்காருவார், காத்து வாங்க வராரோ என்னமோ. நாற்காலி நூறு கிடக்கு."

"ம்."

"சங்கத்துல கேக்குறாங்க, இருக்கியா, விடுறியான்னு. கராத்தே கிளாஸ்காரன் மாடிய வேணும்னு நிக்கிறான். பிள்ளைங்க இப்பவே பேர் குடுத்துட்டாங்களாம். இன்னிக்குச் சாயங்காலம் சாவியக் குடுத்துட்டு, கும்பிடு போட்டுட்டு வந்துடப் போறேன்."

கலியமூர்த்தி சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அலுத்துப் போச்சும்மா" என்றார். "படுக்கப் போறப்பவும் அலுப்பு, எழுந்திருக்கறப்பவும் அலுப்பு. அடுத்தவன் கதைன்னா விட்டுடலாம். எல்லாம் என் வயித்துல பொறந்தது. நான் போனா அதுவும் என்னோட சேர்ந்து எரிஞ்சு போயிடும்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகையை அடக்கத் தெரியாத மனுஷன்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் சாமியம்மா.

"இல்லை. சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டேன்."

"கூடத்துக்கு வாங்க. இலை போட்டாச்சு."

மாசத்தின் முதல் ஞாயிறு மடத்தில் சாப்பாடு. சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். கூடத்தில் இரண்டு வரிசையாக வாழை இலை விரித்திருந்தது. அன்றைக்கென்று பார்த்துப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டுக் காதுகுத்து. கிடா வெட்டிப் பிரியாணி. மடத்துக் கத்தரிக்காய்க்கு எவன் வருவான்?

அத்தனை இலைக்கும் கலியமூர்த்தி ஒருவர்தான். முதல் இலையில் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். சாமியம்மா ஓரத்தில் உப்பு வைத்தார். அன்னக்கூடையைக் கொண்டுவந்தார். கரண்டி நிறையச் சோறு எடுத்தார்.

எடுத்த கரண்டி அப்படியே நின்றது. சாமியம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரையும் காணோமே!"

"வருவாங்கம்மா" என்றார் கலியமூர்த்தி.

"மணி ஒண்ணரை ஆச்சு. எப்ப வரப் போறாங்க?"

கரண்டிச் சோறு திரும்ப அன்னக்கூடைக்குள் போனது. சாமியம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்று முணுமுணுத்தார்.

கலியமூர்த்தி காத்திருந்தார். பெரியவங்க தியானத்தில் இருக்கும்போது சோறு கேட்கலாமா? ஈ ஒன்று உப்பில் வந்து உட்கார்ந்தது. ஓட்டினார். மறுபடி வந்தது. மறுபடி ஓட்டினார். சாம்பார் வாசனை மூக்கில் ஏறியது. வயிறு சத்தம் போட்டது. நல்லவேளை, அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

திடீரென்று சாமியம்மா எழுந்தார்.

"சும்மா கண்ண மூடிக்கிட்டிருந்தா ஆகுமா? போய்க் கூப்பிட்டுப் பாக்கறேன்."

"அம்மா, எனக்கு..."

அதற்குள் சாமியம்மா வாசலைத் தாண்டிவிட்டார். கையில் கரண்டியோடு ரோட்டில் நின்றார். பைக்கில் போன இரண்டு பேரை மறித்தார்.

"சாப்பிட்டுப் போங்கப்பா!"

"பிரியாணி இருக்கும்மா, வரோம்!"

பைக் போய்விட்டது. தோப்பில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டார். நாங்க கஞ்சி கொண்டாந்துட்டோம் என்றார்கள். ஒரு பஸ்ஸைக்கூடக் கை காட்டினார். அது நிற்கவில்லை.

திரும்பி வரும்போது சாமியம்மாவுக்கு மூச்சு இரைத்தது. கலியமூர்த்தியின் இலைக்கு எதிரே வந்து தொப்பென்று உட்கார்ந்தார். அன்னக்கூடையை மடியோடு அணைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார் இந்த ஊர? விடியல்ல எழுந்து அடுப்புப் பத்த வச்சேன். கண்ணெல்லாம் புகை. நாப்பது பேருக்கு ஆக்கி வச்சிருக்கேன். ஒரு ஜனம் வரல. சோத்தோட அருமை தெரிஞ்ச ஊரா இது?"

"ஊர் அப்படித்தாம்மா" என்றார் கலியமூர்த்தி. அவருக்கு இதில் ஒரு ஆறுதல்கூட வந்தது. சாமியம்மாவுக்கே இந்தக் கதி என்றால் தான் எம்மாத்திரம்!

"போன மாசம் மட்டும் எப்படி வந்தாங்க? பாயசம்னு தெரிஞ்சு வந்தாங்க. நாக்குக்கு வரவங்க. மனசுக்கு வரவங்க யாரு?"

"வாஸ்தவம்."

"பிரியாணி போடுறவன்தான் மனுஷன். நம்மள எவன் மதிக்கிறான்?"

"வாஸ்தவந்தாம்மா."

"அந்தக் கடைசி இலையப் பாருங்க. பொன்னங்குப்பத்துக்காரர் எடம். வரல. அதுக்கு இந்தப் பக்கம் அவரு மச்சான். அவரும் வரல. அந்த வரிசை பூரா..."

சாமியம்மா ஒவ்வொரு காலி இலையாகக் காட்டிக் காட்டிப் புலம்பினார். கலியமூர்த்திக்கு நெற்றியில் வேர்த்தது. விரல் நடுங்கத் தொடங்கியது. மாத்திரை உள்ளே போய் நேரமாகிவிட்டது. கண்ணுக்கு முன்னால் அன்னக்கூடை. ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது. எட்டிக் கையை விட்டால் சோறு வரும் தூரம்தான். மரியாதை தடுத்தது.

"அம்மா" என்றார் மெல்ல.

"இருங்க சார். இந்த வரிசைய இன்னும் சொல்லி முடிக்கல."

"அம்மா, எனக்குத் தலை சுத்துது."

"எனக்கு மட்டும் சுத்தலையா? இத்தனை இலை காலியாக் கிடக்குதே, பாக்கப் பாக்க வயிறு எரியுது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் பசியோட வந்து உக்காந்தா போதும், நான் இவ்வளவு பேசுவேனா?"

கலியமூர்த்திக்குப் பொத்துக்கொண்டு வந்தது. குருவாவது ஒன்றாவது! இலையில் ஓங்கித் தட்டினார். உப்பு சிதறியது.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் முன்னாடி உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா? வராதவனுக்கே அழுதுக்கிட்டிருக்கீங்களே, வந்தவனுக்குப் போடுங்களேன்!"

கூடத்தில் அந்தச் சத்தம் மோதித் திரும்பியது.

சாமியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அடடே" என்றார். "நீங்க வந்திருக்கீங்களா?"

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

சாமியம்மா எழுந்து சோறு போட்டார். குழி பறித்துச் சாம்பார் ஊற்றினார். கத்தரிக்காய் வைத்தார். அப்பளம் வைத்தார்.

கலியமூர்த்தி சோற்றில் கை வைத்தார். பிசையவில்லை.

"சாப்பிடுங்க. கை நடுங்குது பாருங்க."

இரண்டு வாய் சாப்பிட்டார். நடுக்கம் கொஞ்சம் நின்றது. தலையைத் தூக்காமலே பேசினார்.

"போன வாரம் நல்ல மழைம்மா."

"ஆமா."

"அந்த மழையிலயும் வந்தாங்க. அந்த வயசான அம்மா நனைஞ்ச புடவையோட வந்து உக்காந்துச்சு. நான் மைக்கப் புடிச்சு, இந்த ஊருக்கு ரசனையே இல்லைன்னு ஆரம்பிச்சேன். வராத ஒவ்வொருத்தரையும் இழுத்து வச்சுத் திட்டினேன். மணி ஆறரை ஆயிடுச்சு."

சாமியம்மா ரசம் ஊற்றினார்.

"கதையே சொல்லலம்மா. ஒண்ணுகூடச் சொல்லல. சரி, நேரமாச்சுன்னு லைட்ட அணைச்சேன். எழுந்து போனாங்க. அந்தப் பொண்ணுங்க படிக்கட்டுல நின்னு திரும்பிப் பாத்துட்டுப் போச்சுங்க."

கண்ணில் நீர் தளும்பியது. இந்தத் தடவை முகத்தைத் துண்டால் மூடவில்லை. எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு கரண்டி போடட்டுமா?"

"மணி என்னம்மா ஆகுது?"

"ரெண்டே முக்கால்."

கலியமூர்த்தி வேகவேகமாகப் பிசைந்தார். அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மெதுவா சார், விக்கிக்கப் போகுது. மோர் எடுத்துட்டு வரேன்."

"மோர் வேணாம்மா" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தார். "மூணு மணி பஸ்ஸப் புடிக்கணும். போற வழியில கதைய ஒரு தடவை நெனச்சுப் பாத்துக்கணும். அஞ்சு மணிக்கு ஆளு வந்துடும்."