திரும்பி வந்த ஏப்ரன்

மருதவாணன் தன் வெள்ளை ஏப்ரனைச் சுருக்கம் விழாமல் மடித்து, துணிக்கடைப் பையில் போட்டு, சங்கத்தின் வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லச் சொன்னானாம். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

தயாபரனால் இதைத் தாங்க முடியவில்லை. தனக்குப் பிறகு சங்கத்தில் புதியவர்களுக்குப் பாடம் சொல்ல இவன்தான் என்று மனசுக்குள் முடிவே கட்டி வைத்திருந்தார்.

திருச்சி கன்டோன்மென்டில், மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் அந்த ஃப்ரீமேசன் சங்கத்தை ஊர்க்காரர்கள் பேய் பங்களா என்பார்கள். உள்ளே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. டாக்டர்களும் வக்கீல்களும் ரிட்டயர்டு அதிகாரிகளுமாக ஒரு முப்பது பேர், கோட்டுக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பிரதர் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். புதிதாகச் சேர்பவரின் கண்ணைக் கட்டித்தான் உள்ளே அழைத்து வருவார்கள். பிரதர் ஒருவர் அவர் வலது கையைப் பிடித்துக் கூடத்தைச் சுற்றி நடத்திப் போவார். பிறகு கட்டை அவிழ்த்து, ஏப்ரனைக் கட்டிவிட்டு, இன்று முதல் நீ எங்கள் சகோதரன் என்பார்கள்.

அடுத்த படிக்கு ஏற வேண்டுமானால் சில கேள்விகளுக்கு ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் தயாபரனின் பொறுப்பு. தொழிலில் அவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் போதும், பேச வேண்டியதில்லை என்று பழகிப்போனவர்.

அவருக்கே பாடம் சொன்னவர் ஹபீபுல்லா, ரயில்வே இன்ஜினீயர். வயதில் தயாபரனைவிடச் சின்னவர், சங்கத்தில் மூத்தவர். யாருக்கும் அடங்காத டாக்டர் அவர் ஒருவருக்குத்தான் அடங்குவார்.

ஏப்ரன் வந்த மூன்றாம் நாள் மத்தியானம், தயாபரன் அந்தப் பையோடு சங்கத்துக்கு வந்தார். ஆளில்லாத கூடத்தில் ஹபீபுல்லா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பாய், இந்த அநியாயத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"போன கூட்டத்துல எப்படிச் சொன்னான்! ஒரு எழுத்து தப்பல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மறுநாளே ஏப்ரனைக் கொடுத்துட்டுப் போறான்னா என்ன அர்த்தம்?"

தயாபரன் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"இவனோட ஆறு பேர், பாய். என்கிட்டப் படிச்சவங்கள்ல ஒருத்தன்கூடத் தடுமாறினதில்ல. ஒருத்தன்கூடத் தங்கினதும் இல்ல. நான் சொல்லிக் கொடுக்குறதுல என்ன குறை? மனசு விட்டுச் சொல்லுங்க."

ஹபீபுல்லா எழுந்து போய் அலமாரியிலிருந்து கண் கட்டும் கறுப்புத் துணியை எடுத்து வந்தார்.

"கண்ணாடியைக் கழட்டுங்க, டாக்டர்."

"எதுக்கு?"

"கழட்டுங்க."

துணி கண்ணை இறுக்கியது. ஹபீபுல்லா அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடந்தபடியே, புதியவரை அழைத்து வருபவர் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். தயாபரனுக்கு அந்த வார்த்தைகள் தாலாட்டு மாதிரி. கூடவே அவர் உதடும் அசைந்தது.

பாதிச் சுற்றில் ஹபீபுல்லா கையை விட்டுவிட்டார்.

வார்த்தைகள் மட்டும் நிற்கவில்லை. முன்னால் போயின, பக்கவாட்டில் திரும்பின, பிறகு கூடத்தின் மறுகோடியிலிருந்து கேட்டன. தயாபரன் இரண்டு எட்டு வைத்தார். முழங்கால் நாற்காலியில் மோதியது. அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், கையை விட்டுட்டீங்க."

வார்த்தைகள் தொடர்ந்தன.

"பாய்!"

கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் ஹபீபுல்லா கேட்டார். "எங்கயாவது தப்பு விட்டேனா, டாக்டர்?"

"தப்பெல்லாம் இல்ல. ஆனா நான் இங்க தனியா..."

தயாபரன் கட்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். "இருக்கட்டும்," என்றார் ஹபீபுல்லா. கை கீழே இறங்கியது.

"ஆவணி மாசம் மருதவாணன் கொஞ்ச நாள் பாடத்துக்கு வரல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பாடம் விட்டுப்போகும், வீட்லயாவது படின்னு மெசேஜ் அனுப்பினேன்."

"திரும்பி வந்தப்ப எப்படி இருந்தார்?"

தயாபரன் யோசித்தார். "மொட்டை போட்டிருந்தான். மீசையும் இல்ல."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"திருப்பதியா பழனியான்னு கேட்டேன். சும்மா, தமாஷுக்கு."

"அவர் என்ன சொன்னார்?"

"எதுவும் சொல்லல. சொல்றதுக்கு... நான் முதல் கேள்வியை ஆரம்பிச்சுட்டேன்."

ஹபீபுல்லா அருகில் வந்து நின்றார்.

"அவங்க அம்மா போயிட்டாங்க, டாக்டர். அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான். பேங்க்ல மாத்தலாகி இந்த ஊருக்கு வந்து வருஷம்கூட ஆகல. ஓயாமாரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேன் வந்து நிக்குது, மாடியிலேர்ந்து தூக்கிட்டு வர ஆள் இல்ல. பால்காரரையும் பேங்க் வாட்ச்மேனையும் கூப்பிட்டிருக்கார். முப்பது சகோதரர்கள் இருக்கோம்னு நாமதானே அவர்கிட்டச் சொன்னோம்?"

தயாபரனின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கடைசியில் கேட்டார்.

"நேத்து பேங்க்குக்குப் போனேன். அந்த வாட்ச்மேன்தான் சொன்னார். நானும் அந்த மொட்டையைப் பாத்தவன்தான். வணக்கம் பிரதர்னு சொல்லிட்டு நகர்ந்தவன்தான்."

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாய்?"

"எந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்வார்?"

துணிக்குக் கீழே தயாபரனின் கன்னம் நனைந்தது. அவமானமா துக்கமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாரா வாரம் தன் எதிரே உட்கார்ந்து, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்காமல், மனப்பாடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்த முகத்தை நினைத்தார். அந்தக் கூட்டத்தில் தனக்கு ஏன் கண்ணில் தண்ணீர் வந்தது என்பதை நினைக்கவே கூசியது.

கட்டைத் தானே அவிழ்த்தார்.

"இப்ப எங்க இருக்கான்?"

"வீட்லதான். சொந்த ஊருக்கே மாத்தல் கேட்டு வாங்கிட்டார். நாளைக்குக் கிளம்புறார்."

தயாபரன் கண்ணாடியை மாட்டினார். பையைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார். கதவுவரை போனவர் அங்கேயே நின்றார்.

"பாய், போய் என்னன்னு சொல்றது?"

ஹபீபுல்லா கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது. என்ன சொல்லணும்னு நீங்க சொல்லிக் கொடுங்க. அப்படியே போய்ச் சொல்லிடுறேன்."

"சொல்லிக் கொடுத்தா ஒரு எழுத்து தப்பாம சொல்லிடுவீங்க, டாக்டர்," என்றார் ஹபீபுல்லா. "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."